ஆறாவது பங்கு

நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவர்தான். பச்சைச் சாயம் அடித்து, அடிப்பக்கம் ஈரம் ஏறிப் பொரிந்துபோயிருக்கும். மூக்குக்கும் சுவருக்கும் ஒரு சாண் இடைவெளி. முதுகுக்குப் பின்னால் பாயில் வெங்காய வாசனையும் மிளகாய் வற்றல் நெடியும். சோறு சாப்பிட்டுக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் வெளியே பனி இறங்கி, பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு வேலை பார்த்தோம்.

"இது யாருக்கு?" என்று பின்னாலிருந்து லெட்சுமி கேட்டாள்.

"உனக்குத்தான்" என்றேன்.

"இது யாருக்கு?"

"எனக்கு."

இப்படியே ஐந்து வீட்டுப் பெயரையும் சொல்லி முடித்தேன். முழங்கால் வலி. எழுந்திருக்கக் கையைத் தரையில் ஊன்றினேன்.

"இது யாருக்கு?"

வாய்க்குப் பழகிப்போன பதில் அது. யோசிக்கவே இல்லை. "மாரியக்காவுக்கு" என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. மாரியக்கா இறந்து, கருமாதியும் முடிந்து, அந்த வீட்டைப் பூட்டியும் ஆகிவிட்டது.

திரும்பிப் பார்த்தேன். பாயில் மூன்று மூன்றாக இரண்டு வரிசை. ஆறு குவியல். அளந்து போட்டவள் கைப்பழக்கத்தில் ஆறாகப் போட்டுவிட்டாள். அது போகட்டும், கைப்பிழை. லெட்சுமி வாயில் கையை வைத்தபடி நின்றாள்.

"ஏன்டி ஆறாவது தடவ கேட்ட?" என்றேன்.

"நான் எங்க கேட்டேன்? அஞ்சோட நிறுத்திட்டேன் லா!" என்றாள்.

மற்ற மூன்று பேரையும் பார்த்தேன். ஒருத்தி தனக்கு எதுவும் கேட்கவில்லை என்றாள். இன்னொருத்தி, தன் காதிலும் விழுந்தது, லெட்சுமிதான் கேட்டாள் என்று நினைத்ததாகச் சொன்னாள். மூன்றாவது ஆள் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

சுவர் சொன்னால் சொன்னதுதான்

இந்தத் தொடரைப் படிக்கும் ஒரு சகோதரி, "மலையில் விலைவாசி அதிகமாமே, குடும்பத்தை எப்படி ஓட்டுகிறீர்கள்?" என்று கேட்டிருந்தார். அவருக்குப் பதில் சொல்ல உட்கார்ந்தேன். பேனா நேராக இங்கே வந்து நிற்கிறது. பரவாயில்லை, இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

கேமரன் மலையில் காசைச் சேமிப்பது ஒரு தனிக் கலை. தானா ராத்தா டவுனில் கடைகளுக்குக் குறைவில்லை. ஆனால் அங்கே விலை எங்களுக்காக எழுதப்படுவதில்லை. குளிர்க்கண்ணாடி மாட்டிக்கொண்டு ஸ்ட்ராபெரி தின்ன வருகிறவர்களுக்காக எழுதப்படுகிறது. கியா பார்ம் பக்கம் விடுமுறை நாளில் போய் ஒரு முட்டைக்கோஸ் விலை கேட்டுப் பாருங்கள். அதே கோஸ், மேல் இலையில் பூச்சி கடித்த ஒரே குற்றத்துக்காக, திரிங்காப்பில் கொட்டகையோரம் சும்மா கிடக்கும். கேட்டால் எடுத்துக்கொண்டு போ என்பார்கள்.

எண்ணெய் வாங்குவதற்கு ஒரு வழி வைத்திருக்கிறேன். மலிவு விலைப் பாக்கெட் எண்ணெய் ஆளுக்கு இவ்வளவுதான் என்று கடையில் கட்டுப்பாடு. அதனால் அந்தக் கடைக்குள் நானும் என் வீட்டுக்காரரும் அந்நியர்கள். அவர் ஒரு வரிசை, நான் ஒரு வரிசை. ஒருமுறை பழக்கதோஷத்தில், "ஏங்க, பொடி டப்பாவும் எடுத்துக்கிட்டீங்களா?" என்று குரல் கொடுத்துவிட்டேன். கல்லாவில் இருந்த பெண் சிரித்தாள். பிழைத்தோம்.

ஆனால் இதெல்லாம் சில்லறை வித்தை. பெரிய வித்தை மாரியக்காவுடையது.

என் வீட்டுக்காரர் சேகர் திரிங்காப்பில் ஒரு சீன முதலாளியிடம் காய்கறி லோரி ஓட்டுகிறார். லோரி இங்கிருந்து நிறையக் காய்கறியோடு கீழே இறங்கும். திரும்பும்போது காலிக் கூடைகள் மட்டும்தான். "ஏன்டி செல்வி, காத்த ஏத்திக்கிட்டா வர்றாரு ஒன் புருஷன்? வர்றப்ப ஈப்போவுல ரெண்டு மூட்டய தூக்கிப் போட்டா என்ன கொறஞ்சா போவும்?" என்று ஒருநாள் மாரியக்கா கேட்டார். முதலாளியும் தலையாட்டிவிட்டார். அன்றிலிருந்து மொத்தக் கடையிலிருந்து அரிசி, பருப்பு, வெங்காயம், மிளகாய், மல்லி எல்லாம் மூட்டையாக வரும். ஆறு வீடு சேர்ந்து பங்கு போட்டுக்கொள்வோம். முழு மூட்டையாக எடுத்தால்தான் அந்த விலை. ஒரு வீடு விலகினால் மற்றவர்கள் தலையில் விழும்.

பங்கு போடுவதில்தான் சண்டை வரும். எல்லாத் தேயிலைத் தோட்டத்திலும் வரும். உன் குவியலில் பெரிய வெங்காயம், என் குவியலில் அழுகல் என்று கிளம்பி, மூன்று தலைமுறைக் கதை வரைக்கும் போய் நிற்கும். மாரியக்கா அதற்கும் ஒரு முறை கொண்டுவந்தார். ஒருத்தி சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். இன்னொருத்தி ஏதாவது ஒரு குவியலைத் தொட்டு, "இது யாருக்கு?" என்று கேட்க வேண்டும். சுவரைப் பார்ப்பவள் மனதில் வந்த பெயரைச் சொல்ல வேண்டும். சொன்னால் சொன்னதுதான். மாற்றக்கூடாது, முணுமுணுக்கக்கூடாது.

அந்தச் சட்டம் அன்றைக்கு எங்கள் கழுத்தைப் பிடித்தது. "அதையும் அஞ்சாப் பிரிச்சுப் போடுங்கடி" என்று நான்தான் சொன்னேன். காசு விஷயத்தில் எனக்குப் பேய் பிசாசெல்லாம் கிடையாது. ஆனால் ஒருத்தியும் அந்தக் குவியலைத் தொடவில்லை.

"செத்தவங்க பேரச் சொல்லிட்ட. அதக் கொண்டுபோயி ஒலையில போடச் சொல்றியா?" என்றாள் லெட்சுமி.

கடைசியில் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி, லெட்சுமியும் நானும் கைகோத்துக்கொண்டு போய், எங்கள் வீட்டு வரிசையான லைனில் கடைசி வீடான மாரியக்கா வீட்டு அஞ்சடியில், பூட்டிய கதவோரம் வைத்துவிட்டு வந்தோம். வாசல் திண்டைத்தான் நாங்கள் அஞ்சடி என்போம்.

மறுநாள் காலையில் பை காலியாகக் கிடந்தது. கிடந்தது என்றா சொன்னேன்? தவறு. மடித்து, சின்ன முக்கோணமாக மடித்து, காற்றில் பறக்காமல் ஒரு கல் வைத்திருந்தது.

பிளாஸ்டிக் பையை அப்படி முக்கோணமாக மடிக்கிற ஆள் எங்கள் லைனில் ஒருவர்தான் இருந்தார், மாரியக்கா.

கடைசி வீட்டுக்காரர்

ஆறுமுகம் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாரியக்காவின் கணவர். தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு காலைச் சற்று இழுத்து நடப்பார். பேச்சு குறைவு. அவருக்கும் சேர்த்து மாரியக்கா பேசிவிடுவார்.

அக்கா போன பிறகு, மகன் கணேசன் தன் காரில் வந்து அவரைக் கோலாலம்பூர் பக்கம் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குக் கூட்டிப்போனான். கணேசன் கெட்டவன் இல்லை. பயந்தவன். "இங்க யாரு அத்தை இவருக்குச் சாமான் வாங்கிப் போட்டு, ஆக்கிப்போட்டுப் பாத்துக்குவா? பேச்சு வேற சரியில்ல. ராவெல்லாம் அம்மாகூடப் பேசறாரு. டாக்டர்கிட்ட காட்டணும்" என்றான். அண்ணன் காடியில் ஏறும்போது கதவுக் கம்பியைப் பிடித்த கையை எடுக்கவே இல்லை. கணேசன்தான் ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டான். அதைப் பார்த்து நாங்கள் எல்லோரும் அழுதோம்.

எங்கள் தோட்டத்தில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் ஆள் இருக்கும்வரை வீட்டில் இருந்துகொள்ளலாம். பூட்டியே கிடந்தால் ஆபீஸ் திருப்பி எடுத்துக்கொண்டு வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிடும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, வீட்டுக்குக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். பள்ளி விடுமுறையில் வந்து சாவியை ஒப்படைத்துவிடுவதாகக் கணேசன் சொல்லியிருந்தான். சாவி போனால் அண்ணனுக்குத் திரும்பி வர இடமில்லை.

அவர் அவ்வப்போது லெட்சுமிக்குப் போன் பண்ணுவார். நலம் விசாரிப்பார். மழை உண்டா என்று கேட்பார். பிறகு சொல்வார்:

"நான் வந்துர்றேம்மா. நீங்க யாராச்சும் அவன்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்களேன். இங்க சன்னலத் தொறந்தா பாக்க ஒண்ணுமில்ல, அந்தரம்தான் தெரியுது."

லெட்சுமி போனை என்னிடம் கொடுப்பாள். அப்பனுக்கும் மகனுக்கும் நடுவில் புகுந்து பேச நாங்கள் யார்? "ஒடம்பப் பாத்துக்குங்க அண்ணே" என்பேன். மனசு கேட்காது.

எலி மூடி போடுமா

அடுத்த முறை லோரியில் சாமான் வந்தபோது, ஐந்தாகப் போடுவோம் என்று யாரும் சொல்லவில்லை. ஆறாகவும் போடுவோம் என்று சொல்லவில்லை. அளப்பவள் பால் டின்னை எடுத்து, மூன்று மூன்றாக இரண்டு வரிசை அளந்தாள். நாங்கள் பார்த்துக்கொண்டு இருந்தோம். அவ்வளவுதான், அது வழக்கமாகிவிட்டது.

ஒவ்வொரு முறையும் பை கடைசி வீட்டுக்குப் போகும். ஒவ்வொரு முறையும் மறுநாள் முக்கோணமும் கல்லும் இருக்கும்.

குரங்கு என்றார் ஒருவர். பை மடிக்கும் குரங்கை நான் பார்த்ததில்லை. வெளியாள் எவனோ சாப்பிடுகிறான் என்றார் இன்னொருவர். லைனில் ஒரு புது ஆள் நடந்தால் நாய்கள் ஊரைக் கூட்டிவிடும். அந்த வீட்டுப் பக்கம் மட்டும் நாய்கள் குரைப்பதில்லை. வாலை ஆட்டிக்கொண்டு போய் அஞ்சடியில் படுத்துக்கொள்ளும், மாரியக்கா இருந்தபோது மீன் தலைக்குப் படுத்திருந்த மாதிரியே.

எனக்குப் பயத்தைவிட எரிச்சல்தான் அதிகமாக வந்தது. ஒளிப்பானேன்? ஆறாவது பங்கின் விலை ஐந்து பேர் தலையில் விழுந்துகொண்டிருந்தது. லோரியில் மூட்டை ஏற்றிக்கொண்டு வந்து, முட்டியைத் தேய்த்துப் பங்கு போட்டு, கடைசியில் டவுன் விலையே ஆகிவிட்டால் எதற்கு இந்தப் பாடு? "செத்த பெறகும் எங்க செலவுலயா அக்கா குடித்தனம்?" என்று கூடத்தில் மாட்டியிருந்த அவர் படத்தைப் பார்த்துக் கேட்டேவிட்டேன். படம் சிரித்த முகமாகத்தான் இருந்தது.

கண்ணால் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். தேயிலை பொட்டலம் கட்டும் வேலை முடிந்து வந்து, சாயங்காலத் தேத்தண்ணி நேரத்தில், அந்த முறைப் பையை நானே தனியாகக் கொண்டுபோய் வைத்தேன். கதவில் பூட்டு தொங்கியது. இழுத்துப் பார்த்தேன், உறுதியாக இருந்தது. பிறகு பக்கத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். பை கண்ணுக்கு நேராகத் தெரிந்தது.

கீழே தேயிலைச் செடிகளுக்குள்ளிருந்து பனி ஏறி வந்தது. இங்கே அது தினமும் வருவதுதான். முதலில் பாதை மறைந்தது, பிறகு படி, பிறகு கதவு. என் கையே எனக்கு மங்கலாகத் தெரிந்தது. ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம்தான். பனி விலகியபோது பூட்டு அப்படியே தொங்கியது. பை இல்லை.

காலடிச் சத்தம் இல்லை. கதவுச் சத்தம் இல்லை.

பிறகு சத்தம் வந்தது. வீட்டுக்குள்ளிருந்து. தகர டின்னில் அரிசி கொட்டுகிற சத்தம். முதலில் அடித் தகரத்தில் பட்டுச் சடசடவென்று, பிறகு அரிசிமேல் அரிசி விழுந்து அடங்கி, நிரம்ப நிரம்ப மெதுவாகி. நானும் பெண்தானே, இந்தச் சத்தத்தை எத்தனை தடவை கேட்டிருப்பேன். கொட்டி முடித்துக் கையால் மேலாகத் தடவிச் சமப்படுத்தும் சத்தம்கூடக் கேட்டது. கடைசியாக, மூடியை உள்ளங்கையால் அழுத்தும் சத்தம்.

நான் ஓடிய ஓட்டத்தில் ஒரு சிலிப்பர் எங்கே போனதென்று தெரியாது. வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தி அதன்மேல் சாய்ந்து நின்றேன். சேகர் அப்போதுதான் குளித்துவிட்டு வந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"எலியா இருக்கும் லா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

"எலி மூடி போடுமா?"

அவர் சட்டையைத் தலைவழியாக மாட்டிக்கொண்டு, கொஞ்ச நேரம் சட்டைக்குள்ளேயே இருந்தார். பிறகு, "மூட்டய நான் நிறுத்தவா?" என்று கேட்டார்.

நிறுத்துங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். ஏனோ வரவில்லை. "கொண்டாங்க" என்றேன். அன்றிலிருந்து விலை கணக்குப் பார்ப்பதை விட்டுவிட்டேன். பங்கு வைக்கும் நாளில் லைனில் பொழுது சாயுமுன் எல்லாக் கதவும் மூடிவிடும்.

சாவியோடு வந்தவன்

விடுமுறை தொடங்கி முதல் சனிக்கிழமை, முன்விளக்கைப் போட்டுக்கொண்டு ஒரு காடி லைனுக்குள் ஏறி வந்தது. கணேசன்தான். பின் சீட்டிலிருந்து ஆறுமுகம் அண்ணன் இறங்கினார். பாதி ஆளாக இளைத்திருந்தார். "பசியாறியாச்சா அண்ணே?" என்று லெட்சுமி கேட்டாள். அவர் காதில் விழவில்லை. காலை இழுத்துக்கொண்டு நேராக வாசலுக்குப் போய்விட்டார்.

"அம்மா சாமான்ல எதாச்சும் வேணும்னா எடுத்துக்கட்டும்னு கூட்டியாந்தேன் அத்தை. திங்கக்கெழம ஆபீஸ்ல சாவியக் குடுத்திருவேன்" என்றான் கணேசன். அண்ணனுக்குக் கேட்கக்கூடாது என்று தாழ்ந்த குரலில் சொன்னான். அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. தோள் அப்படியே தொங்கிவிட்டது.

கதவு திறந்தது. நான் அவர்கள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். கூடத்துச் சிமெண்டுத் தரை முழுக்கத் தூசி, சீராக, ஒரு காலடி இல்லாமல். கணேசனின் கால்தான் முதலில் அதில் பதிந்தது. லெட்சுமி என் கையைக் கிள்ளினாள். அவளும் பார்த்திருக்கிறாள்.

அடுப்படியில் எல்லோரும் நின்றுவிட்டோம்.

பலகையில் மாரியக்காவின் டின்கள் வரிசையாக இருந்தன. துடைத்துப் பளபளவென்று இருந்தன. கணேசன் ஒன்றைத் திறந்தான். பருப்பு, விளிம்புவரை. அடுத்தது மல்லி. அடுத்தது மிளகாய். கூடையில் வெங்காயம். முளைவிட ஆரம்பித்ததை எல்லாம் தனியாகப் பிரித்து, முதலில் செலவாகட்டும் என்று கைக்கு எட்டும் பக்கம் வைத்திருந்தது. புதுசு பின்னால். எங்கள் ஐந்து வீட்டுச் சாமானும் சேர்ந்தால்கூட இப்படி ஒழுங்காக இருக்காது.

அண்ணன் பெரிய டின்னின் மூடியை நெம்பினார். அரிசிக்குள் கையை முழங்கைவரை விட்டார். பூச்சி வராமலிருக்கப் போடுகிற மிளகாய் வற்றல் ஒன்று விரலில் வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் முகத்தில் பயம் இல்லை. பல மாதம் கழித்து வீட்டுக்கு வந்த ஒருவரின் முகம் அது.

"நான் இங்கயே இருந்துக்கறேன்" என்றார்.

"யாருப்பா இதெல்லாம் வெச்சது?" கணேசனின் குரல் உடைந்தது. "பூட்டுச் சாவி என்கிட்டதானே இருக்கு? யாரு வெச்சது?"

அண்ணன் மகனைப் பார்த்துத் திரும்பி வாயைத் திறந்தார். என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. 'உங்கம்மா' என்ற அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவர் சொல்லிவிட்டால், மகன் அவரைத் தூக்கிக் காடியில் போட்டுக்கொண்டு நேராக டாக்டரிடம்தான் போவான்.

"நான்தான் கணேசா" என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணனும்தான்.

"நீங்களா? எப்படி அத்தை?"

"அடுப்படி சன்னல் வழியா."

கணேசன் ஜன்னலைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். என் உடம்பைத் தெரிந்தவர்களுக்கு அந்தப் பார்வையின் அர்த்தம் தெரியும்.

"நான் பின்னாடி நின்னு தள்ளிவிட்டேன் லா" என்றாள் லெட்சுமி, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். அவளை அந்த இடத்திலேயே கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"எதுக்கு அத்தை இதெல்லாம்?"

"உங்கப்பா வந்தா சோறு திங்க வேணாமா? உங்கம்மா பங்க நாங்க நிறுத்தவே இல்ல. வரிசயா ஆறுதான் போடறோம், இவகிட்ட கேளு. இனிமே அது உங்கப்பாவுக்கு. சாமான் வந்து எறங்கிரும். ஆக்கறது அவருக்குத் தெரியும். முடியாத நாளைக்கு நாங்க அஞ்சு வீடு இருக்கோம்."

பொய்யில் ஆரம்பித்தேன். பேசப் பேச அதில் பாதி உண்மையாகிவிட்டது. கணேசன் அடுப்புத் திண்டில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான். "ஆக்கிச் சாப்பிடட்டும். பாக்கறேன்" என்றான்.

லெட்சுமி தன் வீட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். அண்ணன் அரிசி களைந்தார். பருப்பை வேகவைத்தார். வெங்காயத்தை, முளைவிட்டதாகப் பார்த்து எடுத்து, நறுக்கினார். கை நடுங்கவில்லை. கணேசன் அடுப்படி வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, போனையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தங்கச்சி, உப்பு மட்டும் இல்லம்மா" என்றார் அண்ணன்.

உண்மைதான். உப்பை நாங்கள் பங்கில் வாங்குவதில்லை. மூட்டை உப்பை வாங்கி என்ன செய்வது, இந்த ஈரத்தில் தண்ணியாகிவிடும். அவரவர் வீட்டுக்கு அவரவர் வாங்குவோம். அதனால் ஆறாவது பையிலும் அது ஒருநாளும் போகவில்லை. இதோ வருகிறேன் என்று வீட்டுக்கு ஓடினேன். கிண்ணத்தில் உப்பை அள்ளிக்கொண்டு, மூச்சு வாங்கத் திரும்பி வந்தேன்.

அண்ணன் பருப்பைக் கரண்டியில் எடுத்து, உள்ளங்கையில் விட்டு, நக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உப்பு, அண்ணே."

என் கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இப்பத்தானம்மா சன்னல் வழியா நீட்டுன?"

அடுப்புத் திண்டில், ஜன்னலோரம், ஈரமான வாழையிலைத் துண்டில் ஒரு கைப்பிடி உப்பு இருந்தது. ஜன்னலை அப்போதுதான் நன்றாகப் பார்த்தேன். பழைய திரைத்துணிக்குப் பின்னால், குறுக்கே பலகை வைத்து ஆணி அடித்திருந்தது. ஆணியெல்லாம் துருப்பிடித்திருந்தது.

கணேசன் போனிலிருந்து தலையை நிமிர்த்தினான். அப்பாவைப் பார்த்தான். என் கையைப் பார்த்தான். பதிலுக்குக் காத்திருந்தான்.

உப்புக் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அந்தச் சின்ன அடுப்படியில் எங்கள் மூன்று பேரைத் தவிர வேறு யாரோ, சமைக்கிறவருக்கு இடைஞ்சலில்லாமல், ஓரமாக ஒதுங்கி நிற்பது போல இருந்தது.

"ஆமாண்ணே" என்றேன். "அது பத்தாதோன்னுதான் இன்னும் கொஞ்சம் கொண்டாந்தேன்."

கணேசன் தலையைக் குனிந்துகொண்டான். அண்ணன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் சொன்னது பொய் என்று அவருக்குத் தெரியும். எதற்காகச் சொன்னேன் என்றும் தெரியும். கிண்ணத்தை வாங்கி, அந்த இலைக்குப் பக்கத்தில் வைத்தார். வாழையிலை உப்பைத்தான் பருப்பில் போட்டார்.

அப்பாவும் மகனும் கீழே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கணேசன் இரண்டாம் முறையும் சோறு வாங்கிக்கொண்டான். அம்மா கை ருசி மாதிரியே இருக்குப்பா என்றான். அண்ணன் பருப்பை இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.

இதை இப்போது எழுதிவிட்டேன். கணேசன் படித்தால் படிக்கட்டும். அவன் அப்பா இந்த மலையில் இரண்டு தீபாவளி கொண்டாடிவிட்டார். உடம்பும் தேறிவிட்டது, சுவரைப் பார்த்து உட்காரும் வேலையையும் அவரே எடுத்துக்கொண்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் கணேசன் வீட்டுச் சாவியை அப்பாவின் சட்டைப் பையில் போட்டுவிட்டு, தனியாகக் கிளம்பினான். காடியில் ஏறும் முன் என்னிடம் வந்து, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது.

"எங்கம்மா இருந்தாக்கூட இப்படித்தான் செஞ்சிருக்கும் அத்தை. உங்கள மறக்கவே மாட்டேன்" என்றான்.

என்னுடையது இல்லாத நன்றி அது. வாங்கிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது. உரியவரிடம் கொடு என்று சொல்லவும் வழியில்லை. அவன் தோளுக்கு அந்தப் பக்கம் கடைசி வீட்டில் விளக்கு எரிந்தது. அண்ணன் வாசல் அஞ்சடியில், நாய்களோடு உட்கார்ந்திருந்தார். உள்ளே அடுப்படியில் யாரோ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"பாத்துப் போப்பா" என்றேன். "ரோட்டுல பனி."